லெட்டர்பேட் இல்லாத ஆசிரியர்கள்

ஜூன் கடைசி வாரம். ராஜபாளையத்தில் கல்லூரிப் பிள்ளைகள் அதிகம் புழங்கும் ஜெராக்ஸ் கடை ஒன்றில் வேறு வேலையாக நின்றிருந்தேன். கடைக்காரருக்குத் தலைநிமிர நேரமில்லை. "இன்டர்ன்ஷிப்பா? எத்தனை காப்பி? ஸ்பைரலா, பைண்டிங்கா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பையன் பென் டிரைவ் கொண்டுவரவில்லை. "அதனால என்ன, மாடல் இருக்கு. பேரும் ரெஜிஸ்டர் நம்பரும் மட்டும் சொல்லு" என்று ஒரு ஃபோல்டரைத் திறந்தார். முதல் பக்கத்தில் கல்லூரி முத்திரை, அடுத்து போனஃபைட் சர்டிஃபிகேட், அதற்கடுத்து கடவுளில் தொடங்கி எச்.ஓ.டி. வரை போகும் நன்றியுரை. பின்னால் பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்குத் திடக்கழிவு மேலாண்மை. எட்டிப் பார்த்தேன். ராஜபாளையத்துக் குப்பையைப் பற்றிய அந்த அறிக்கையின் நடுவில் ஓரிடத்தில் வேறொரு மாவட்டத்து ஊரின் பெயர் மாற்றப்படாமல் அப்படியே கிடந்தது.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கடையிலிருந்து மேற்கே பார்த்தால் மலை தெரிகிறது. புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலை. அடிவாரத்தில் மாந்தோப்புகள், கண்மாய்கள், ஊருக்குக் குடிதண்ணீர் தரும் நீர்த்தேக்கம். கிழக்கே நூற்பாலைகளும், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியும். சுற்றுச்சூழல் படிக்கிற மாணவருக்கு இதைவிடப் பெரிய ஆய்வுக்கூடத்தை யாரும் கட்டித்தர முடியாது. அப்படியிருந்தும் அந்தப் பையனுக்கு வேற்றூர்க் குப்பையே கதியானது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கதை உச்ச நீதிமன்றத்தில் தொடங்குகிறது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கொன்றில் 1991 நவம்பரில் வந்த உத்தரவு, சுற்றுச்சூழலைக் கல்வியின் கட்டாயப் பகுதியாக்கச் சொன்னது. திரையரங்குகளில் படம் தொடங்குமுன் சுற்றுச்சூழல் ஸ்லைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும் என்றும் அதே உத்தரவில் இருந்தது. ஸ்லைடு போட்ட காலமும் போய்விட்டது, பல தியேட்டர்களும் போய்விட்டன. பாடம் மட்டும் நின்றது, அதுவும் உடனே வந்துவிடவில்லை. நீதிமன்றம் 2003-ல் மறுபடியும் அழுத்திச் சொன்ன பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆறு மாதப் பாடத்திட்டம் எல்லா இளநிலைப் படிப்புகளுக்குள்ளும் நுழைந்தது. நம் கல்லூரிகளில் பிள்ளைகள் 'இ.வி.எஸ். பேப்பர்' என்று சொல்வது இதைத்தான். பி.காம். படித்தவரும் எழுதியிருப்பார், தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதியிருப்பார். எழுதியவர்களில் பலருக்கு அதில் என்ன இருந்தது என்று கேட்டால் ஓசோன் படலம் என்பார்கள்.

அந்தப் பாடத்திட்டத்தின் எட்டாவது அலகை இப்போது எடுத்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அருகிலுள்ள ஆறு, காடு, மலை ஏதாவது ஒன்றுக்குப் போய் அங்குள்ள வளங்களைப் பதிவு செய்யுங்கள். மாசுபட்ட ஓர் இடத்தைப் பாருங்கள். சாதாரணமாகத் தென்படும் செடி, பூச்சி, பறவைகளை அடையாளம் காணுங்கள். ஒரு குளத்தையோ மலைச்சரிவையோ கவனியுங்கள் என்கிறது. 50 வகுப்புகளில் 5 வகுப்பு நேரம் இதற்கு. 100 மதிப்பெண்ணில் 25 இதற்கு. இன்டர்ன்ஷிப் என்ற பேச்சு வருவதற்கு முன்பே களப்பணிக்குக் கால்வாசி மதிப்பெண்ணை ஒதுக்கியிருந்தார்கள். அந்த 25 மதிப்பெண் எப்படிப் போடப்பட்டது என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. எனக்குத் தெரிந்த பலர் அதை ஓர் அசைன்மென்ட் நோட்டாக எழுதிக் கொடுத்தவர்கள்தான். களத்தைத் தாளுக்குள் மடக்கும் கலை நமக்கு ஏற்கெனவே கைவந்துவிட்டது. இன்டர்ன்ஷிப் பின்னால் வந்து அதில் சேர்ந்துகொண்டது.

இப்போதைய கணக்கு இது. 2022 டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட இளநிலைக் கட்டமைப்பில் இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4 கிரெடிட் உண்டு. அந்தக் கட்டமைப்புக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஆனாலும் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு 2 கிரெடிட் வைத்திருக்கிறார்கள். கொள்கையில் மோதிக்கொள்கிற இரண்டு தரப்பும் சண்டையில்லாமல் ஒத்துப்போன இடங்களில் இது ஒன்று. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று வைத்தால் 2 கிரெடிட்டுக்கு 60 மணி நேரம். நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் பத்தே நாள். மூன்றாண்டுப் பட்டத்துக்கு நம் பக்கம் பொதுவாக 140 கிரெடிட். அதில் இரண்டு என்பது சாம்பார் வாளியில் ஒரு கரண்டி. அந்த ஒரு கரண்டிக்காகக் காட்டுக்கும் கண்மாய்க்கும் அலைய வேண்டுமா என்று ஒரு மாணவர் கேட்டால் அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது.

கல்லூரிக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. நாக் குழு தர மதிப்பீட்டுக்கு வரும்போது, எத்தனை விழுக்காடு மாணவர்கள் புராஜெக்ட், களப்பணி, இன்டர்ன்ஷிப் செய்தார்கள் என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். நிரப்புவதற்குச் சான்று வேண்டும். சான்று என்றால் சர்டிஃபிகேட், சர்டிஃபிகேட் என்றால் லெட்டர்பேட், முத்திரை, கையெழுத்து. அறிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை.

இந்த லெட்டர்பேடு விவகாரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். இன்டர்ன்ஷிப் செய்கிற இடத்தில் ஒரு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும், அவர் ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் லெட்டர்பேடு யாரிடம் இருக்கிறது? நூற்பாலையில் இருக்கிறது, சிமெண்ட் கம்பெனியில் இருக்கிறது, நகராட்சியில், ஆஸ்பத்திரியில், வங்கியில் இருக்கிறது. ஆகவே சுற்றுச்சூழல் மாணவரும் அங்கேதான் போகிறார். நூற்பாலையில் பஞ்சுத் தூசியையும், ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டியையும் பார்ப்பது வீண் என்று சொல்லமாட்டேன். ஒழுங்காகச் சொல்லித்தர ஆள் கிடைத்தால் பத்து நாளில் நிறையக் கற்கலாம். ஆனால் மலையடிவாரத்தில் எந்தத் தோப்புக்குள் யானை எந்த மாதம் வரும், எந்த மரத்தில் அணில் கூடு கட்டும், எந்த மடை முதலில் திறக்கும் என்று தெரிந்தவர்களிடம் லெட்டர்பேடு கிடையாது. செண்பகத்தோப்புப் பக்கமும் அய்யனார் கோயில் பக்கமும் வாழும் பளியர் பழங்குடியினரிடம் கிடையாது. தோப்புக் காவல்காரரிடம் கிடையாது. கண்மாய் நீரை வயலுக்குப் பாய்ச்சுகிறவரிடம் கிடையாது. இந்த ஊர்களின் சுற்றுச்சூழல் அறிவில் பெரும்பகுதி முத்திரை இல்லாதவர்களிடம் இருக்கிறது.

அணிலையே எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் நிற அணிலுக்காகவே 1988-ல் இங்கே ஒரு சரணாலயம் வந்தது. பரப்பு 480 சதுர கிலோமீட்டருக்கு மேல். இந்தியாவில் இந்த அணில் தென்னாட்டின் சில காடுகளில் மட்டுமே உண்டு. ஒன்றரைக் கிலோ அளவுக்கு வளரும் அணில் என்றால் வீட்டுக் கூரையில் ஓடும் அணிலைப் பார்த்தே பழகியவர்கள் நம்பமாட்டார்கள். கிளைக்குக் கிளை தாவியே போகும். ஆகவே மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஓடைக்கரை மரங்கள் அதற்கு உயிர்நாடி. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமானது. நாட்டில் 51-ஆவது, தமிழ்நாட்டில் ஐந்தாவது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். பெயரில் புலி வந்ததும் பேச்செல்லாம் புலியைப் பற்றித்தான். இந்தக் காட்டுக்கு முதலில் காவல் வாங்கிக் கொடுத்தது அணில் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு மாணவி இந்த அணிலைப் பற்றி 60 மணி நேர இன்டர்ன்ஷிப் செய்ய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அணிலைப் பார்த்து எண்ணுவது கடினம், கூட்டை எண்ணுவது எளிது. இலையும் குச்சியும் சேர்த்து மர உச்சியில் உருண்டையாகக் கட்டியிருக்கும். கீழிருந்து பார்த்தால் பெரிய காக்கைக்கூடு போல. நாற்பது கூடு எண்ணினால் நாற்பது அணில் என்று எழுதத் தோன்றும். அங்கேதான் சறுக்கல். ஓர் அணில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள் கட்டிக்கொள்ளும். ஒன்றில் உறங்கும், இன்னொன்றை விட்டுவிடும். விட்டுப்போன கூடும் கொஞ்ச காலம் மரத்திலேயே இருக்கும். இலை பச்சையாக இருக்கிறதா காய்ந்து தொங்குகிறதா என்று பார்த்துப் புதுசு, பழசு பிரிக்க வேண்டும். பக்கத்து மரத்தின் கிளை தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கூடு இருப்பது புளியா, மாவா, மருதா என்று எழுத வேண்டும். இதையெல்லாம் முதல் நாள் காலையிலேயே ஒரு பளியர் சொல்லிவிடுவார். புத்தகத்தில் தேடினால் ஒரு வாரம் போகும். 1994-ல் ஜோஷுவாவும் ஜான்சிங்கும் 'பயாலாஜிகல் கன்சர்வேஷன்' இதழில் இந்த அணிலைப் பற்றி எழுதிய கட்டுரை, மனித நடமாட்டமும் மரம் வெட்டுதலும் அதன் வாழிடத்தையும் எண்ணிக்கையையும் எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்கிறது. முப்பது ஆண்டுக்கு முந்தைய கட்டுரை இன்றும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கிறது. அதன்பின் இந்த வட்டாரக் கல்லூரிகளில் அச்சடித்து பைண்டிங் செய்த அறிக்கைகளில் எத்தனையை அப்படி எடுத்துப் பார்க்க முடியும்?

ஜான்சிங் பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970-களில் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மலை பஸ்ஸில் போய்வரும் தூரம். அங்கிருந்தவர்தான் பந்திப்பூர் போய்ச் செந்நாய்களின் பின்னால் நடந்து 1976–78-ல் ஆய்வு செய்தார். காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஒரு பெரிய பாலூட்டியைக் களத்தில் இருந்து ஆராய்ந்த முதல் இந்தியர் என்று அவரைச் சொல்வார்கள். 1985-ல் டேராடூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தில் சேர்ந்து ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார். 2024 ஜூனில் மறைந்தார். பட்டாசு நகரத்துக் கல்லூரி ஒன்றின் சாதாரண விலங்கியல் துறையிலிருந்து இப்படி ஒருவர் கிளம்பினார். அப்போது இன்டர்ன்ஷிப்பும் கிரெடிட்டும் கிடையாது. மாணவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போக மனசுள்ள ஆசிரியர்கள் இருந்தார்கள், கூட்டிப்போனால் கேள்வி கேட்க ஆளும் இல்லை.

இன்று கேள்வி கேட்க ஆள் உண்டு, கேட்கவும் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் ஆய்வுக்கோ படிப்புக்கோ போக 28-ஆம் பிரிவின்கீழ் அனுமதி வேண்டும். கொடுக்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு. ஒரு முனைவர் பட்ட மாணவர் இதற்காகக் காத்திருக்கலாம். பத்து நாள் இன்டர்ன்ஷிப் செய்கிற இரண்டாமாண்டு மாணவி மனு போட்டுக் காத்திருந்தால் செமஸ்டரே முடிந்துவிடும். போதாக்குறைக்கு 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கல்லூரி முதல்வர்களில் யார்தான் பிள்ளைகளை மலைக்கு அனுப்பக் கையெழுத்துப் போடுவார்? பயம் நியாயமானது. ஆனால் காட்டுக்குள் போக முடியாது என்பதால் காட்டைப் பற்றியே படிக்க முடியாது என்று ஆகிவிட்டது, அதுதான் வினோதம். மேற்சொன்ன அணில் தனியார் மாந்தோப்பிலும் இருக்கிறது, ஓடைக்கரைப் புளியமரத்திலும் இருக்கிறது. அதற்குத் தோப்புக்காரர் சம்மதித்தால் போதும்.

அடுத்தது மாதம். கல்லூரியின் ஆண்டு ஜூனில் தொடங்கும். இன்டர்ன்ஷிப் என்றால் மே மாதக் கோடை விடுமுறை. இந்த ஊர்களின் இயற்கை வேறொரு காலண்டரில் ஓடுகிறது. இங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. மேற்கே கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையில் நமக்குக் கிடைப்பது மலையுச்சியில் சாரலும் கீழே காற்றும். கண்மாய் நிறைவது நவம்பர், டிசம்பரில். அப்போது மாணவர்களுக்கு செமஸ்டர் தேர்வு. வலசைப் பறவைகள் நிறையத் தென்படுவது தை மாதத்தை ஒட்டி. அப்போது வகுப்பு. வனத்துறை தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்தில் நடத்தும் பறவைகள் கணக்கெடுப்பும் ஆண்டின் தொடக்க மாதங்களில்தான். மே மாதம் பையன் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் கண்மாயில் கிரிக்கெட் ஆடலாம். காடு காய்ந்து கிடக்கிறது, தீத்தடுப்புக் காலம், உள்ளே விடமாட்டார்கள். நீர்நிலைகளின் பல்லுயிர் வளம் என்று தலைப்புப் பதிந்த ஒரு மாணவி வற்றிப்போன கண்மாயில் கருவேலத்தைப் படமெடுத்துக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவர் மேல் என்ன தப்பு?

மே மாதத்துக்கென்றே வேலைகள் இருக்கின்றன என்பது இன்னொரு பக்கம். குடிதண்ணீருக்கு மே மாதத்தைவிட நல்ல பருவம் இல்லை. ராஜபாளையத்தில் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்க இறங்க வீடுகளில் எத்தனை நாளைக்கு ஒருமுறை குழாய் வருகிறது, ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு எப்படி ஏறுகிறது என்று தெருத்தெருவாகக் குறித்து வரலாம். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீர் இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்கிறது. எண்ணைப் பார்த்ததும் குதிக்கவும் கூடாது. கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைத்தான் மீட்டர் காட்டும். அது பாறையிலிருந்து வந்ததா, சாயப் பட்டறையிலிருந்து வந்ததா, சலவையிலிருந்து வந்ததா என்று சொல்லாது. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கும் இடங்களுக்கு அருகில் இருக்கும் கிணறு, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிணறு, மேட்டுப்பக்கக் கிணறு என மூன்றையும் ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு 2 கிரெடிட் தாராளமாகத் தரலாம். மீட்டர் காட்டிய எண்ணை மட்டும் அட்டவணை போட்டவருக்கு ஒன்று தரலாம்.

மே மாதம் மாம்பழக் காலமும்கூட. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் பழுத்து மணக்கும்போது மலையிலிருந்து யானையும் இறங்கும். மாந்தோப்பு, தென்னந்தோப்பு என்று அடிவாரமெங்கும் விவசாயிகளின் புலம்பல் இதுதான். அந்தப் புலம்பலைத் தேதிவாரியாக எழுதி வைத்தவர்கள் குறைவு.

விதியைக் கூர்ந்து படித்தால் மே மாதத்தையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதும் இல்லை. ஒரு கிரெடிட் என்பது 15 வாரங்களுக்கு வாரம் 2 மணி நேரம் என்றும் கணக்கிடலாம். 2 கிரெடிட்டுக்கு வாரம் 4 மணி நேரம். அதாவது ஒவ்வொரு சனிக்கிழமை காலையும். டிசம்பரில் தொடங்கினால் கண்மாய் நிறைந்து நின்று, பறவை வந்து, நீர் வடிந்து, மார்ச்சில் சேறாவது வரை ஒரே கண்மாயைப் பதினைந்து முறை பார்க்கலாம். பத்து நாள் தொடர்ந்து பார்ப்பதைவிடப் பதினைந்து வாரம் பார்ப்பது எத்தனையோ மேல் என்பது களப்பணி செய்த யாருக்கும் தெரியும். தாமிரபரணிக் கரையில் இப்படி ஒரு வழக்கம் வேர்விட்டிருக்கிறது. மணிமுத்தாறில் ஏட்ரீ அமைப்பு நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஜனவரிதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறது. கல்லூரிப் பிள்ளைகள் குழுக்குழுவாகக் குளங்களைப் பிரித்துக்கொண்டு எண்ணுகிறார்கள். ஒரு மாணவர் எண்ணியது போன வருடத்து எண்ணோடு சேர்கிறது, அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கிறது. 2015-லிருந்து நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு அழைப்பிதழ்கூட வேண்டாம். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பதினைந்து நிமிடம் நின்று பார்த்து இ-பேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். அந்தப் பதிவு எப்போதும் அங்கே இருக்கும். ஜெராக்ஸ் கடை ரிப்போர்ட் துறை அலமாரியில் ஐந்து வருடம் இருந்துவிட்டு எடைக்குப் போகும்.

ராஜபாளையத்திலும் ஆட்கள் இல்லாமல் இல்லை. வைல்ட்லைஃப் அசோசியேஷன் ஆஃப் ராஜபாளையம் என்ற அமைப்பு இந்த மலைக்காட்டையும் அணிலையும் பற்றி நெடுங்காலமாகப் பேசி வருகிறது. ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி, கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆற்றல், சுற்றுச்சூழல், இயற்கை வளத்துக்கென்று ஒரு புலம், தெற்கே ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் என்று படிப்பிடங்கள் சூழ்ந்து கிடக்கின்றன. புலிகள் காப்பகத்தின் அலுவலகம் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமி என்றால் தாணிப்பாறையில் கூட்டம் குவிகிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும், மலைப்பாதையில் என்னென்ன கிடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆடி அமாவாசைக்கு அடிவாரத்தில் பைகளைச் சோதிக்கும் வேலைக்கு மாணவர்களைச் சேர்த்து, பிடிபட்டதை வகைவாரியாக எடைபோடச் சொன்னால் அதுவே நல்ல இன்டர்ன்ஷிப். கேன்வாஸ் தொப்பி போட்டுக்கொண்டு 'விழிப்புணர்வு' பேனர் பிடித்து ஃபோட்டோ எடுப்பதைவிட மேலானது.

காசு விஷயத்துக்கு வருவோம். கிரெடிட்டுக்காகச் செய்யும் வேலைக்குக் கூலி உண்டா என்ற கேள்வி நம் ஊரில் எழுவதே இல்லை. அமெரிக்காவில் எழுந்தது. அங்கே 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், பொறியியல் மாணவர்களை ஒரு வாரம் வகுப்பிலும் மறுவாரம் தொழிற்சாலையிலும் மாற்றி மாற்றி வைக்கும் முறையைத் தொடங்கினார். கிரெடிட், களப்பணி என்று இன்று பேசுவதற்கெல்லாம் அது ஒரு வேர். ஆனால் ஷ்னைடரின் மாணவர்கள் ஆலையில் சம்பளம் வாங்கினார்கள். பிற்பாடு சம்பளம் மெல்ல நழுவி, கிரெடிட்டே கூலி என்றானது. 'பிளாக் ஸ்வான்' படப்பிடிப்பில் சம்பளமில்லாமல் வேலை செய்த இன்டர்ன்கள் 2011-ல் வழக்குப் போட்டார்கள். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பலன் பெறுவது மாணவரா நிறுவனமா என்று பார்க்க வேண்டும் என்றது. அந்தக் கேள்வியை ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தால் விநோதமான விடை வரும்: இங்கே பெரும்பாலும் இருவருமே பலன் பெறுவதில்லை, கட்டம் மட்டும் நிரம்புகிறது.

கூலி இல்லாதது போக, பிள்ளைகள் கையிலிருந்து காசு போகிறது. சர்டிஃபிகேட்டுக்கு ஆயிரம் ரூபாய், இரண்டாயிரம் என்று ஆன்லைனில் விலை வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் கட்டணம் செலுத்திவிட்டு, ஒரு வாரம் வீடியோ பார்த்து, 'சஸ்டெய்னபிலிட்டி இன்டர்ன்' ஆனான். அந்த ஒரு வாரமும் அவன் வீட்டு மாடியிலிருந்து மலை தெரிந்துகொண்டுதான் இருந்தது. மாணவிகளுக்கு வீட்டில் அனுமதி வாங்குவது வேறு. ஆண் பிள்ளையை அடிவாரத்துக்கு அனுப்புகிற வீடு பெண் பிள்ளையை ஊருக்குள்ளேயே ஓர் அலுவலகத்தில் உட்காரச் சொல்கிறது. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. இவை இரண்டும் இன்டர்ன்ஷிப்பை மனதில் வைத்து வந்தவை அல்ல. ஆனால் ஒரு மாணவி சனிக்கிழமை தோறும் கண்மாய்க்குப் போய்வர முடிகிறதென்றால் இந்த பஸ்ஸும் ஆயிரம் ரூபாயும்தான் காரணம். இரண்டிரண்டு பேராகப் போகச் சொன்னால் வீட்டிலும் தடை குறைகிறது.

என்னைக் கேட்டால் மாற்ற வேண்டியது ஒன்றுதான், அதற்கு எந்தக் குழுவின் உத்தரவும் தேவையில்லை. துறைக்கு ஒரு பதிவேடு. ஒரு கண்மாய், ஒரு தோப்பு, ஓர் ஓடைக்கரை என்று மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் ஆண்டு மாணவரும் முந்தைய ஆண்டு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். புதுத் தலைப்புக் கண்டுபிடிக்கும் சித்திரவதை மாணவர்களுக்கு மிச்சம். மாடல் ஃபோல்டரிலிருந்து எடுத்து எழுதினால் போன வருட எண்ணோடு பொருந்தாமல் மாட்டிக்கொள்வார்கள். கையெழுத்துப் போடும் உரிமையையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அத்தாட்சிக்கு ஆசிரியர் கையெழுத்து இருக்கட்டும், அறிந்து சொன்னவர் கையெழுத்துக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

அப்படி ஒரு பக்கத்தை நான் பார்த்தேன். செண்பகத்தோப்பு போகும் வழியில் ஒரு மாந்தோப்பு. யானை வருகையைப் பற்றி எழுத வந்த மாணவி, காவல்காரரிடம் அரை மணி நேரம் பேசியும் "அது வரும்மா, வரும், போகும்" என்பதற்கு மேல் நகரவில்லை. தண்ணீர் குடிக்கக் குடிசைக்குள் எட்டிப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். மளிகைக் கடை கொடுத்த மாதக் காலண்டர்கள், பழசைக் கழற்றாமல், ஒரே ஆணியில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வருடத்துக்குத் தொங்கின. சில தேதிகளைச் சுற்றி நீலப் பேனாவில் வட்டம். சில வட்டத்துக்குள் ஒரு கோடு, சிலவற்றில் இரண்டு.

"இது என்ன தாத்தா?"

"யானை வந்த நாளு தாயி. ஒத்தைக்கோடுன்னா ஒத்தை ஆனை. ரெண்டுன்னா கூட்டம். ஓனர் கேப்பாருல்ல, எப்ப வந்துச்சு, எத்தனை மரம் போச்சுன்னு. அதுக்காக வரைஞ்சு வச்சது."

அந்தப் பெண் மூன்று வருடத்துப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டி ஃபோனில் படமெடுத்தார். பிறகு பையிலிருந்து கல்லூரி கொடுத்த லாக்-புக்கை எடுத்து, அன்றைய தேதிக்கு நேரே 'மேற்பார்வையாளர் கையொப்பம்' என்று அச்சிட்டிருந்த கட்டத்தைக் காட்டினார். இதைக் கல்லூரி ஏற்குமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கிழவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"முழுப்பேரு போடணுமா தாயி, சுருக்கிப் போட்டாப் போதுமா?"